ஆடுகளத்தில் உட்கார்ந்த பிற்பகல்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குக் கிளப் செயலாளரிடமிருந்து போனில் ஒரு வரிச் செய்தி வந்தது. நாளைக்குத் திடல் கிடையாது, பராமரிப்பு வேலை. அவ்வளவுதான். மன்னிக்கவும் என்று ஒரு சொல் சேர்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் பினாங்கில் ஒரு பெண்கள் கிரிக்கெட் குழுவை நடத்துகிறேன். மருத்துவமனைத் தாதி, தொழிற்சாலை ஊழியர்கள், ஓர் ஆசிரியை, கல்லூரி மாணவிகள் என்று பதின்மூன்று பேர். எங்கள் ஊரில் நடக்கும் ஆட்டங்களுக்கு அந்தக் கிளப்தான் திடல் தர வேண்டும். திடல் இல்லையென்றால் வெளியூர்க் குழுவுக்கே வெற்றி. லீக்கின் விதி அப்படி. அந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை ஆடாமலே தோற்றிருந்தோம். மூன்றாவதற்கு ஈப்போ பெண்கள் வேன் பேசி, விடியற்காலையில் கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

குழுவை என்னோடு சேர்ந்து நடத்துகிற அக்கா, சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் நான் பந்து வீச, அவர் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பார். போனில் விஷயத்தைச் சொன்னதும் மதியக் கூட்டத்தைக் கணவர் தலையில் போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் காரோடு வந்து நின்றார்.

"காடியில ஏறு. இந்த ஊர்ல வேற திடலே இல்லையா? தேடிப் பார்ப்போம்லா."

சீனப் பெருநாள் முடிந்த பிறகு அடிக்கிற வெயில். காடியில் ஏர்கோன் செத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது. முதலில் சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பொதுத் திடலுக்குப் போனோம். அங்கே சிமெண்டு ஆடுகளத்தின் மேல் விருந்துக்குக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் கல்யாணம்க்கா, பெர்மிட் எடுத்தாச்சு" என்றார் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூடத் திடலுக்குப் போனோம். காவலாளி கேட்டைத் திறந்து விட்டார். நல்ல திடல். புல் வெட்டியிருந்தது, ஆடுகள விரிப்பு புதிது, ஆள் நடமாட்டம் இல்லை. பொறுப்பாசிரியரின் எண்ணை வாங்கி அழைத்தேன்.

"கடிதம் கொடுங்க. ரெண்டு வாரத்துல பதில் சொல்வோம்."

"ஆட்டம் நாளைக்கு சார்."

"அப்படின்னா அடுத்த தடவை முன்னாலேயே கேளுங்க."

நாங்கள் முன்னாலேயேதான் கேட்டிருந்தோம், எங்கள் கிளப்பிடம், மூன்று மாதத்துக்கு முன்னால், எழுத்தில். அதை யாரிடம் சொல்வது.

திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல். அக்காதான் சொன்னார்: "நம்ம திடல்ல என்ன வேலை நடக்குதுன்னு பார்த்துட்டுப் போவோம். பாதி முடிஞ்சிருந்தா கெஞ்சிக் கேட்கலாம்."

நான்கரை மணிக்குக் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களின் நட்பு ஆட்டம். மர நிழலில் தேநீரும் பலகாரமும் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவராக, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றவர் செயலாளர்.

திடல் பராமரிப்பவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு என்ன வேலை என்று அவரிடம் கேட்டேன். "நாளைக்கு எனக்கு லீவு" என்றார்.

"பொறுமையாப் பேசு. சண்டை வேணாம்" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார். நான் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தேன். பந்துவீச்சாளர் ஓடி வருவதைப் பாதியில் நிறுத்தினார்.

"சார், நாளைக்கு யார் வந்து என்ன பராமரிக்கப் போறாங்க?"

செயலாளர் சிரித்தார். "என்னம்மா இது, ஆட்டத்துக்கு நடுவுல. ஆபிஸ் நாள்ல வந்து பேசுங்க."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்க ஆட்டம் நாளைக்கு."

"ஆம்பளைங்க ஆட்டமே தள்ளித் தள்ளிப் போவுது. உங்க பொண்ணுங்க விளையாட்டுக்கு என்ன அவசரம்?"

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். பந்து விழுகிற இடம் பார்த்து ஆடுகளத்தின் நடுவில் உட்கார்ந்தேன். விரிப்பு சுட்டது. யாரோ கெக்கலித்தார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார் செயலாளர். கூப்பிடுங்கள் என்றேன்.

அப்போது அக்கா நடந்து வந்தார். என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மறுமுனை ஸ்டம்புகளுக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"எனக்கு முட்டி வலி. சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் இருந்தோம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தேநீர் மேசைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் அந்த ஆண்கள் குழு ஒன்றின் தலைவர் செயலாளரிடம் போய், "குடுத்துடுங்க, இருட்டுறதுக்குள்ள ஆட்டத்தை முடிக்கணும்" என்றார். நியாயத்துக்காக அல்ல, வெளிச்சத்துக்காக. செயலாளர் போனை எடுத்துத் தட்டினார். காலை ஒன்பது மணிக்குத் திடல் உண்டு என்ற அந்தச் செய்தியை ஈப்போ தலைவிக்கும் அனுப்ப வைத்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் ஆடினோம். நான்கு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். ஆடித் தோற்றோம்.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குப் பதில் எழுத மூன்று மாதமாகியும் முடியாதவர்களுக்கு இதற்கு ஐந்து நாள் போதுமாக இருந்தது. ஆடுகளத்தைச் சேதப்படுத்தினோமாம். மன்னிப்பு எழுதிக் கொடுக்கும் வரை இருவரும் திடலுக்குள் கால் வைக்கக் கூடாதாம். இரண்டு பெண்கள் உட்கார்ந்து எழுந்து அந்த விரிப்பு சேதமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார்கள்.

அக்கா மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். "பொண்ணுங்களை யார் பார்க்குறது? ஒரு தாள்தானே" என்றார். அவர் சொன்னது சரி. ஆனாலும் அவரோடு இரண்டு வாரம் நான் பேசவில்லை. யார்மேல் காட்ட வேண்டிய கோபத்தை யார்மேல் காட்டினேன் என்பது தெரிந்துதான் இருந்தது.

நான் எழுதவில்லை. மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்களை வேலிக்கு வெளியே, வாகனங்கள் போகிற சாலையோரத்தில் நின்றே பார்த்தேன். இன்னும் எழுதவில்லை.