இம்மி அண்ணன் தைத்த கவுன்

ரொட்டித் துண்டைக்கூட கோணல் இல்லாமல் கடிக்கப் பார்க்கிற மனிதன் என் அண்ணன். லேத் பட்டறையில் இரும்பை இம்மி பிசகாமல் கடைந்து கொடுத்ததால், அங்கே அவனுக்கு 'இம்மி' என்றே பெயர். ஒருநாள் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். அண்ணி ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். இவன் வீட்டுக் கதவுகளுக்கு எண்ணெய் விட்டான், சத்தம் போடாத கதவுக்கும் சேர்த்து. பாவம், வேறென்னதான் செய்வான்!

சமுதாயக் கூடத்தில் இலவசத் தையல் வகுப்பு என்று தெரிந்ததும் நான்தான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். பாதியில் ஓடிவிடாமல் இருக்க நானும் சேர்ந்தேன். கடைசியில் ஒரு உடுப்புத் தைத்து, அதை ஒருத்தருக்குப் போட்டுக் காட்டித் தேறினால், தையல் மிஷினையே வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"அவ கஷ்டப்பட்டு சம்பாதிக்கிறா, எனக்குச் சோறு தொண்டையில இறங்கல. அந்த மிஷின் மட்டும் வந்துடட்டும்" என்றான். 

ஆனால் இவனை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியுமா? "உடம்பளவுக்கு மேல கொஞ்சம் விட்டு வெட்டணும்" என்றார் டீச்சர்.

"கொஞ்சம்னா எத்தனை மில்லிமீட்டர்?"

"ரெண்டு விரல் நுழையற மாதிரி."

"யாரோட விரல் டீச்சர்?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். 'கொஞ்சம் விடுவது' என்பது அளவெடுக்கத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு என்று இவன் முடிவே கட்டிவிட்டான்.

சோதனையன்று, அவன் உடம்பளவுக்கு இம்மியும் கூட விடாமல் தைத்த கவுனைத் திரைக்குப் பின்னால் அண்ணிக்கு மாட்டினோம். ஜிப்பை ஏற்ற நான், கூட இன்னொருத்தி, இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"கழட்டிடு அண்ணி, வேணாம்."

"வாயை மூடுடி. அவருக்கு மிஷின் வரணும்."

டீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தையல் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. "பிரமாதம்! கொஞ்சம் உக்காருங்கம்மா."

"பரவால்ல டீச்சர். எனக்கு நின்னுதான் பழக்கம்" என்று அண்ணி பல்லைக் காட்டினாள். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. டீச்சர் பேனாவைத் திறந்தார். கும்பிடாத சாமியையெல்லாம் நான் கும்பிட்டேன்.

அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கையெழுத்துப் போடாதீங்க டீச்சர்" என்று பாய்ந்து வந்து, இரண்டு பக்கத் தையலையும் சரசரவென்று பிரித்தான். நான் மேஜை விரிப்பை உருவிக்கொண்டு ஓடி அவளைப் போர்த்தினேன். மாட்டின் பெருமூச்சு மாதிரி ஒரு மூச்சு விட்டாள் அண்ணி. அடுத்த நொடி அண்ணனைத் திட்டத் தொடங்கினாள்.

"அட பாவி மனுஷா! இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கியிருப்பேனே! மிஷின் கைக்கு வந்திருக்குமே!"

"ரெண்டு நிமிஷம் நிக்கிறதுக்கா தெச்சேன்? நாளெல்லாம் நின்னுட்டு வர்றே. நான் தெச்சதப் போட்டுக்கிட்டு நீ உக்காரணும்ல?"

டீச்சர் பேனாவை மூடினார். அடுத்த வகுப்பில் திரும்பச் சேரச் சொன்னார். மிஷின் கிடைக்கவில்லை. அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு" என்றான். அண்ணி உட்கார்ந்தாள்.