பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள்

என் கடையில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இருவருமே இந்த மலைக்குச் சம்பந்தமில்லாத தூரத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை யாரும் அவர்களைத் தேடி வர வேண்டாம்.

நான் சேலத்துக்காரி. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு ஏறி வந்தேன். புருஷன் போன பிறகும் கீழே இறங்கவில்லை. ஏரியைத் தாண்டி மேலே போகிற ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பது வெள்ளக்கடை பஸ் டிரைவர் வரைக்கும் தெரியும். கடையின் முன்பக்கம் மோமோ அடுப்பு, அது ஒருத்தியின் பொறுப்பு. பின்பக்கம் மாவாட்டுவதும் பாத்திரமும் மற்றவளின் பொறுப்பு.

போன வருஷம் ஒரு காலேஜ் பெண் வந்தாள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களில் யார் முன்னுக்கு வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, ஏன் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். நான் தோசைக்கல்லைத் துடைத்தபடியே சொன்னேன். "இதுல ஆராய என்ன கண்ணு இருக்குது? மோமோக்காரி ஊட்டைப் பாரு, புள்ள டை கட்டிக்கிட்டு கான்வென்டுக்குப் போவுது. பெங்காலி ஊட்டைப் பாரு, மழைக்கு ஒழுவுற லைன் ஊட்டுல கெடக்குறாங்க. ஒருத்தருக்குச் சாமர்த்தியம் இருக்குது, இன்னொருத்தருக்கு இல்ல. அவ்வளவுதான்." அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டு போனாள். அவள் மறுபடி வந்தால் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போடுவேன்.

இரண்டு குடும்பமும் வந்தது ஒரே காபி சீசனில். தங்கியதும் ஒரே எஸ்டேட்டில், கூலியாட்களுக்கான லைன் வீடுகளில். மோமோக்காரியின் புருஷனுக்குச் சின்னக் கண், சப்பை மூக்கு. அந்த முகத்தைப் பார்த்ததும் ஊரே அவனைக் கூர்க்கா என்று முடிவு கட்டிவிட்டது. கையில் விசிலைக் கொடுத்தார்கள். பிறகு காட்டேஜ்களின் சாவியைக் கொடுத்தார்கள். வாடகைக்கு வீடும் கொடுத்தார்கள். எந்த ஊர், என்ன அத்தாட்சி என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு நானே கடை முகப்பைக் கொடுத்தேன். நானும் கேட்கவில்லை.

மாவாட்டுகிறவளின் புருஷன், அந்தப் பெங்காலி, என்ன செய்தான்? அவனும் அதே உழைப்புத்தான் உழைத்தான். சில்வர் ஓக் மரத்தின் உச்சி வரைக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி மிளகு பறிப்பான். கரடியூர் பக்கத்து எஸ்டேட்காரர்கள் கூட அவனைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஆனால் ஊருக்குள் வீடு கேட்டுப் போனால், "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்பார்கள். யோசித்து யாரும் சொன்னதில்லை. அதனால் லைன் வீட்டிலேயே கிடந்தான். அங்கேதான் அவன் பெண் குழந்தை இருமிக்கொண்டே வளர்ந்தது. அவன் பெண்டாட்டியோ மோமோக்காரியைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். "ஏனுங்க்கா, நொம்பக் குளுருதுங்க்கா" என்று அவள் சொன்னால் சேலத்தில் பிறந்தவள் என்றே நினைக்கத் தோன்றும். அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு கதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தால் யாரையாவது பிடித்து அதைச் சொல்லாமல் போக மாட்டான். அவன் பெங்காலியில் சொல்லச் சொல்ல, பெண்டாட்டி அதைத் தமிழில் சொல்வாள். தட்டை மேசை மேல் வைப்பான். "இது இந்தியாங்க." அதன் நடுவில் ஒரு இட்லியை வைப்பான். "இது வங்கதேசம். இதுதான் எங்க ஊரு." அந்தக் காலத்து ராஜாக்கள் நிலத்தைத் துண்டு துண்டாக வைத்திருந்ததில் வந்த வினையாம். சுற்றிலும் இந்தியா, நடுவில் அவன் கிராமம் மட்டும் வேறு நாடு. அங்கே பிறந்தால் வங்கதேசத்தான். வயலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனால் அயல்நாட்டான். கரண்ட் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, போலீஸ் கூடக் கிடையாது. பிறகு இரண்டு சர்க்காரும் பேசி அந்தத் துண்டுகளை மாற்றிக்கொண்டார்கள். அவன் கிராமம் இந்தியாவாகிவிட்டது. ஊரே மெழுகுவத்தி ஏற்றிக் கொடி ஏற்றியதாம். அப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.

"ஊடு நகரலீங்க, நாடு நகந்து வந்துச்சு" என்று சொல்லி அந்த இட்லியை எடுத்துத் தின்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாங்கள் எல்லாம் பிறந்ததும் கையில் கிடைத்த ஒன்றை அவன் காத்திருந்து வாங்கியிருந்தான். வாங்கியதை நாலு பேரிடம் காட்டாமல் அவனால் இருக்க முடியவில்லை.

அவன் கதையைச் சொல்லும்போதெல்லாம் மோமோக்காரி தலையைக் குனிந்துகொண்டு மாவை மடித்தபடி இருப்பாள். முடிந்ததும் பெங்காலியில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்வாள். அவன் கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவான். சிலிகுரியில் மோமோக் கடையில் வேலை பார்த்ததில் அவளுக்கு அந்தப் பாஷை வரும். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள் எஸ்டேட்டுக்கு வண்டி வந்தது. வங்கதேசத்தவர்களைக் கண்டுபிடிக்கிறோம் என்று கீழே இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெங்காலி பேசுகிற ஆண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். கையில் அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். இவன் திரும்பவில்லை. ஆட்கள் பாதியில் ஓடிப்போகக் கூடாது என்று, அவர்களை வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரி எல்லோருடைய கார்டையும் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்வான். சிலர் சண்டை போட்டுத் திரும்ப வாங்கியிருந்தார்கள், இவன் சண்டை போடத் தெரியாதவன். மேஸ்திரியின் போன் அன்று அணைந்ததுதான், இன்று வரைக்கும் அணைந்தே கிடக்கிறது.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல வந்து மாவை ஆட்டி முடித்தாள். கையைக் கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க்கா, அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அடிப்பாவி, வந்ததும் சொல்றதுக்கென்ன?"

"அரிசி ஊறிக் கெடந்துச்சுங்க்கா" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அவனுடைய தமிழ் மிளகு, ஏணி, மூட்டை அளவோடு சரி. அவனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். பெண்டாட்டி பேச்சை எடுத்துக்கொள்ள மாட்டோம், வேறு ஆளைக் கூட்டி வா என்றார்களாம். நான் நேரே கூர்க்காவிடம் போனேன். அவனுக்கும் பெங்காலி தெரியும். அவன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"வர முடியாதுக்கா. அங்க என்னைக் கேட்டா?"

"உன்னைய எதுக்குக் கேக்கப் போறாங்க? நீ நேபாளி."

"நேபாளி இல்லக்கா" என்றான். அவ்வளவு நாள் பழகியும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பூட்டானில் பிறந்தவர்கள். நேபாளி பேசுகிறவர்கள் என்று சிறு வயதிலேயே அங்கிருந்து துரத்தப்பட்டு, நேபாளத்து முகாமில் மூங்கில் குடிசையில் வளர்ந்தவர்கள். முகாமில் பலரை அமெரிக்கா கூப்பிட்டுக்கொண்டது, இவர்கள் விட்டுப்போனார்கள். பிறந்த நாடும் இல்லை, வளர்ந்த நாடும் இல்லை. எங்கள் ஊருக்கு வந்தபோது எல்லோரும் கூர்க்கா என்றார்கள், இவர்களும் இல்லை என்று சொல்லவில்லை. அவனுடைய பத்திரம் எல்லாம் அந்த மூக்கும் கண்ணும்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர்ச் சாவியையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்காக வாயைத் திறக்க முடியாதா என்று கத்தினேன். உள்ளே இருந்து அவன் பெண்டாட்டி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"நான் வரேன்க்கா" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

சேலத்துக்கு இறங்குகிற பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர். ஒவ்வொரு வளைவிலும் பெங்காலியின் பெண்டாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். மோமோக்காரி என் காதருகில் பேசிக்கொண்டே வந்தாள். பூட்டானில் கணக்கெடுக்க வந்தபோது அவள் அம்மாவை நாட்டுக்காரி என்றும் அப்பாவை அந்நியன் என்றும் எழுதினார்களாம். ஒரே அடுப்பில் சமைத்த குடும்பம். அப்பா எதையும் மறைக்கத் தெரியாமல், தாத்தா எங்கிருந்து வந்தார் என்பது வரைக்கும் சொல்லிவிட்டாராம். "அன்னிக்கே அப்பா வாயை மூடியிருந்தா நாங்க இப்ப அங்கதான்க்கா" என்றாள். அப்போதுதான் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்காலியிடம் என்ன சொல்வாய் என்று. "சொல்லாதேன்னு சொல்வேன்க்கா. வேற என்ன."

அவனைப் பெரிய ஹால் ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தான். மோமோக்காரி அவன் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசினாள். இந்தியா பக்கத்து ஜில்லாவான குச் பிஹார் என்று மட்டும் சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னதாக அவன் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அதிகாரியின் பக்கத்தில் இன்னொருத்தர் எங்கள் பேச்சைக் கவனித்தபடி நின்றார். அதிகாரி கெட்டவர் மாதிரி தெரியவில்லை. மோமோக்காரியைப் பார்த்ததும், "நீ லேக்கு மேல மோமோக் கடைதானே? எங்க ஊட்டுப் புள்ளைங்க உன் கடைன்னா உசுரை உடும்" என்று சிரித்தார். அவளிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், ஐஸ் போல இருந்தது.

பெண்டாட்டி தன் கார்டைக் காட்டினாள். அவள் பிறந்தது முன்பிருந்தே இந்தியாவாக இருந்த ஊரில், அதனால் அவள் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. புருஷனுடைய கார்டைப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். "இது இப்ப யாருக்கு வேணும்னாலும் கெடைக்குதும்மா" என்று ஒதுக்கிவிட்டு, அவனிடம் கேட்டார். "பொறந்த ஊரு எது?"

அவன் மோமோக்காரியைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். அதிகாரியின் டீயோடு ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. வேண்டாமடா பாவி என்று எனக்குள் கத்தினேன். அவன் கை நீட்டித் தட்டை மரியாதையாகத் தன் பக்கம் இழுத்தான். ஒரு பிஸ்கட்டை மட்டும் நடுவில் விட்டு மீதியை எடுத்து ஓரமாக அடுக்கினான். முகம் எல்லாம் வெளிச்சம். மலையில் எத்தனையோ பேருக்குப் புரிய வைத்தவன், இவருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினான்.

"என்ன சொல்றான்?" என்றார் அதிகாரி.

மோமோக்காரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சுற்றி இந்தியா. நடுவில் வங்கதேசம். அங்கேதான் பிறந்தேன்.

"பொறந்தது வங்கதேசம்னு அவனே சொல்லிட்டான். அப்பறம் நான் என்னம்மா பண்ண முடியும்?"

"ஏனுங்க சார், அந்த எடமே இப்ப நம்ம நாடுங்க. அதைத்தானுங்க சொல்றான்" என்றேன்.

"நீங்க டிபன் கடையைப் பாருங்கம்மா." வேறு எதுவும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் இன்னும் தட்டைக் காட்டிக்கொண்டே நின்றான், கதையின் இரண்டாம் பாதியை யாராவது கேட்பார்கள் என்று.

வெளியே வந்ததும் மோமோக்காரியைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா, ஒரு வார்த்தை மாத்தியிருந்தால் தப்பித்திருப்பானே என்று கேட்டேன்.

"பக்கத்துல நின்னவருக்குப் பெங்காலி தெரியும்க்கா. நான் சரியாச் சொல்றேனான்னு பாக்கத்தான் நின்னார். மாத்துனா என்னைப் பிடிப்பாங்க. எனக்கும் பொண்ணு இருக்கு." சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். பெங்காலியின் பெண்டாட்டிதான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவனை வடக்கே அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டோம். வக்கீலைப் பார்த்தோம். அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஆள் விட்டோம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கெஞ்சி, அவன் இங்கேதான் வேலை பார்த்தான் என்று எழுதி வாங்கினோம். அதை எங்கே கொடுப்பது என்று சொல்வதற்குத்தான் ஆளில்லை. அவள் தினமும் வந்து மாவாட்டினாள். உன் அம்மா ஊருக்காவது போ என்றதற்கு, "அவரு திரும்பி வந்தா இங்கதானுங்க்கா வருவாரு" என்றாள்.

பிறகு ஒரு முற்பகலில் அவள் போனுக்கு வேறு மாதிரி நம்பரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. யாருடையதோ போனில் அவன் முகம், தாடியோடு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. அந்த நாட்டுக்காரர்களோ அவனை இந்தியாக்காரன் என்கிறார்களாம். பெண்டாட்டி பேசினாள், குழந்தை பேசியது. குழந்தையிடம் மட்டும் அவன் நெடுநேரம் ஏதோ சொன்னான், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல. குழந்தை தலையாட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன சொல்றான்?" என்று மோமோக்காரியைக் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நல்லாப் படிக்கச் சொல்றார்க்கா. சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்றார்."

எனக்கு அன்று கொஞ்சம் உயிர் வந்தது. கடைக்கு வந்த எல்லோரிடமும் அவன் வரப் போகிறான் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை தண்ணீர் கொண்டுபோய் வைத்தது. கன்னத்தைத் தட்டி, "உங்கப்பா என்ன பண்றாரு சாமி?" என்று கேட்டார்.

"எங்கப்பா செத்துட்டாருங்க" என்றது குழந்தை. குரலில் தடுமாற்றமே இல்லை.

நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். உன் பொண்ணு என்ன பேசுதுன்னு கேட்டியா என்று கத்தினேன். அவள் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவருதானுங்க்கா போன்ல சொல்லிக் குடுத்தாரு. யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்லோணும், வேற கதை சொல்லக் கூடாதுன்னு."

முன்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மோமோக்காரி மாவை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா குழந்தையின் தலையைத் தடவி, தன் தட்டிலிருந்த இட்லியை எடுத்து அதன் கையில் வைத்தார்.