கம்பு கைமாறிய வளைவு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, கேட்கவே சலிப்பாக இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். அதனால் இதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். மூன்று பேருமே சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மதுரை ராமேஸ்வரம் ரோட்டை அகலப்படுத்தும் இடத்தில் எனக்குக் கொடி காட்டுகிற வேலை. உச்சிப்புளி தாண்டி ஒரு சின்னப் பாலத்துக்காகப் பாதி ரோட்டை ஆழமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதி ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். மண்டபம் பக்க முனையில் நான் நிற்பேன். ராமநாதபுரம் பக்க முனையில் தங்கச்சிமடத்துக்காரர் சேசு. நடுவில் அரைக் கிலோமீட்டர் வளைவு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. போனை நம்பினால் என்றாவது தப்பாகிவிடும் என்று நாங்கள் ஒரு கம்பு வைத்திருந்தோம். சிவப்புத் துணி சுற்றியது, ஒன்றே ஒன்று. நான் வண்டிகளை விட்டுக் கடைசி வண்டிக்காரர் கையில் கம்பைக் கொடுப்பேன். அது சேசு கைக்குப் போய்விட்டால் ரோடு காலி என்று அர்த்தம், அவர் தன் பக்க வண்டிகளை விடுவார். அவருடைய கடைசி வண்டியில் கம்பு என்னிடம் திரும்பி வரும். கம்பு கையில் இல்லாதவர் வண்டியை விடக்கூடாது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கடைசியாக வந்த மீன் லாரிக்காரரிடம் கம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். முன்னால் ஒரு பஸ் நின்றது. அதன் ஓரமாக நுழைந்து ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய்விட்டது. மேலே பெட்டிகள் கட்டியிருந்தது, மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிற அவசரம் போல. நான் கத்தினேன். என் கத்தல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

லாரிக்காரர் கம்பைக் கொடுத்ததும் சேசு தன் பக்கம் நிற்கிற மண் லாரிகளை விட்டுவிடுவார். வளைவில், பள்ளத்தின் ஓரத்தில், அந்தக் கார் அவற்றின் எதிரே போய் நிற்கும். சேசுவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை.

பஸ் டிரைவர் கையில் கொடியைத் திணித்தேன்.

"ஏங்க, நான் பஸ் ஓட்டவா, ஒங்களுக்குக் கொடி பிடிக்கவா?"

ஓடினேன். பின்னால் நின்ற பைக்கில் ஏறிப் போயிருக்கலாமே என்று பிறகு அந்த மூன்று பேரும் கேட்டார்கள், அப்போது தோன்றவில்லை. வழியில் செருப்பு அறுந்தது. இரண்டையும் உதறிவிட்டுச் சூடான ஜல்லி மேல் வெறுங்காலோடு ஓடினேன். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஜேசிபி வழித்துப் போட்ட வெட்டவெளி. ஒரு காக்கா நின்றாலும் தெரியும். யாருமே இல்லை. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

முனையில் சேசு கம்பும் கையுமாக நின்றார். அவர் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"வாங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் இம்புட்டு வண்டியும் நிக்குது. மொதல்ல செருப்பப் போடுங்க."

"கார்?"

"அது நல்லபடியா போயிருச்சுண்ணே."

பக்கத்தில் மீன் லாரிக்காரர் முறைத்துக்கொண்டு நின்றார். "நான் பொய் சொல்றேன்னு என்னைய நிப்பாட்டிட்டாரு இவரு. வளைவுல ஒங்கள மாதிரியே மஞ்சக் கோட்டு மாட்டுன அக்கா ஒண்ணு கைய நீட்டுச்சு. ஒங்காளுன்னுதானே கம்பக் குடுத்தேன்!"

எங்கள் வேலையில் பெண்கள் யாரும் இல்லை.

"கம்பு இல்லாம நான் எப்பிடி வண்டிய விடுறது?" என்றார் சேசு. "இவரோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கையில அந்தக் கார் வந்து கம்ப நீட்டுது. நடுவுல ஒரு அக்கா குடுத்துச்சாம். 'பின்னாடி ஒருத்தரு வெறுங்காலோட ஓடி வாராரு, அவரு வந்தப்பறம் வண்டிய விடச் சொல்லுங்க'ன்னுச்சாம். நீங்கதான்னு நெனச்சுச் செருப்ப எடுத்து வச்சேன்."

அந்த வளைவில் யாராவது செத்திருக்கிறார்களா என்று டீக்கடையில் விசாரித்தேன். "அங்கன கருவேல மரந்தேன் இருந்துச்சு, அதையும் நீங்கதேன் வெட்டிப்புட்டீக" என்றார் கடைக்காரர். வேறு கதை எதுவும் கிடைக்கவில்லை. இன்றும் யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன்.

சாயங்காலம் சேசுவிடம், போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"மொத ரெண்டு தடவையும் லாரிக்காரரோட சண்ட. மூணாவது அடிக்கையில கார் போயிருச்சுண்ணே, கம்பு என் கையில இருந்துச்சு. ஓடி வாரவருக்கு எதுக்குப் போனுன்னு விட்டுட்டேன்."

அந்த மூன்றாவது தடவை அடிக்கும்போது நான் பஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஓட வேண்டும் என்று எனக்கே இன்னும் தோன்றவில்லை. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.