கரும்பொடி புகுந்த மின்பெட்டி

கலும்பாங் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த லோகேஸ்வரி, சுங்கை சோவில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருஷமாக லேசர் மெஷினில் இரும்புத் தகடு வெட்டினாள். பறக்கிற பொறியின் நிறத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டுவாள், குறைப்பாள்.

போன வருஷம் கார்பன் ஃபைபர் தகடுகள் வந்து இறங்கின. ட்ரோன் செய்கிறவர்களின் ஆர்டர். இவற்றில் பொறி பறக்கவில்லை. இழைகளை ஒட்டியிருந்த பிசின் முதலில் எரிந்து, தொண்டையை அறுக்கும் புகை கிளம்பியது. அதன் பிறகுதான் இழை அறுந்தது. வெட்டிய ஓரம் கருகி, மயிர் மயிராக நீட்டிக்கொண்டு நின்றது.

முதல் வாரம் அவளுக்கு முன்கை அரித்தது, இருமல் பிடித்தது. அடுத்த வாரம் மேசைக் கணினி தானாக அணைந்தது. அதற்கடுத்து மின் எடைத்தராசு.

"பழைய சாமான் லா, அப்படித்தான்" என்றார் சூப்பர்வைசர் முகுந்தன்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தராசைப் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் தேவதாஸிடம், மெஷினின் மின்பெட்டியையும் திறக்கச் சொன்னாள். உள்ளே கம்பிகளின் மேல் கரும்பொடி பூஞ்சைபோல் படிந்திருந்தது.

தேவதாஸ் கையை இழுத்துக்கொண்டார். "இது வெறும் தூசி இல்லம்மா. இது வழியா கரண்ட் பாயும். புகை உறிஞ்சுற குழாய் அடைச்சிருக்கு, அதான் எல்லாம் இங்க வந்து சேருது."

லோகேஸ்வரி மெஷினை நிறுத்தினாள். முகுந்தன் ஓடி வந்தார்.

"ரெண்டு மணிக்கு லோரி வருது, லோகா!"

"சுத்தம் பண்ணாம நான் தொட மாட்டேண்ணே."

"அப்ப தள்ளு. நானே ஓட்டுறேன்."

அவள் வாசலோரம் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பத்து நிமிஷம் மெஷின் ஓடியது; ஒன்றும் நடக்கவில்லை. தான்தான் வீணாகப் பயந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

அப்போது பெட்டி வெடித்தது. நீலமாய் ஒரு வெளிச்சம். புகைக்குழாய்க்குள் தீ குபுகுபுவென்று ஓடும் சத்தம் கூரைவரை கேட்டது. அவள் சுவிட்சை இழுத்தாள். தேவதாஸ் தீயணைப்பானோடு பாய்ந்தார். முகுந்தனின் வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். 'மெஷின் ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று அச்சடித்து, கீழே அவள் பெயர்.

"கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும்."

அவள் பேனாவைத் தொடவில்லை.

விபத்தைப் பற்றி அரசு அதிகாரிகள் நடத்திய விசாரணைக்கு முகுந்தன் கட்டுப் போட்ட கையோடு வந்தார். அவளைப் பார்க்காமலே சொன்னார்: "அவ நிறுத்தச் சொன்னா. நான்தான் கேக்கல."

ஆறு வாரம் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. பிறகு கார்பன் மெஷினைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, புதிய குழாய் போட்டார்கள். லோகேஸ்வரியை இரும்பு வெட்டும் வேலைக்கே திருப்பினார்கள்.

அவளுக்கு இருமல் மட்டும் விடவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயை நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வரச் சொன்னார். ஏன் என்று கேட்டாள். "பொடி நுரையீரல்ல தங்கியிருக்கலாம். பார்ப்போம்" என்றார்.