டி.சி.யில் எழுதிய காரணம்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. நிறுத்திய விதத்தில்தான் இன்றும் வருத்தம்.

ஏழாம் வகுப்பில் அவளுக்குத் திக்குவாய் அதிகமானது. எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். "சுத்துதுடி, நெட்டு சுத்துது" என்று, செல்போனில் வீடியோ நின்று சுற்றுவதைச் சொல்லிப் பின்பெஞ்சிலிருந்து கேலிக்குரல் வருமாம். காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி எடுப்பாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

சட்டம் அனுமதிக்குமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். செல்போனில் கல்வி உரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இருந்தது. சேர்க்காவிட்டால் என்ன தண்டனை என்று திரும்பத் திரும்பத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதில் நிம்மதி வரவில்லை. எனக்குத்தான் சரியாகத் தேடத் தெரியவில்லை என்று தோன்றியது.

டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"வெளியூர் போறோம்னு எழுதுங்கண்ணே. எல்லாரும் அதத்தான் எழுதுவாக. ஒரு கேள்வி வராது."

மனைவிக்குச் சொந்த ஊர் பேரையூர். குடும்பத்தோடு பேரையூர் செல்வதால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனையூரில் அதே வாடகை வீட்டில்தான் தொடர்ந்து இருந்தோம்.

எழுதிய பொய்க்கு ஏற்றபடி மகளையும் தயார் செய்தேன். யாராவது கேட்டால், "பேரையூர்ல படிக்கிறேன், லீவுக்கு வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தேன். திக்கினால் மறுபடி. பல நாள் மாலைகள் இப்படிப் போயின.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டைத் தட்டினார். மகள்தான் திறந்தாள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

"எங்க பாப்பா படிக்கிற?"

"பேரையூர்ல படிக்கிறேன் டீச்சர். லீவுக்கு வந்திருக்கேன்."

ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. அடுப்படியில் சொம்போடு நின்றுவிட்டேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஆசிரியை என்னிடம் செல்போனைக் காட்டினார். "டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல்ல பேரு ஏறலேன்னா எங்களுக்கு லிஸ்ட்டு வந்துரும் சார். இந்தா, உங்க பிள்ளை பேரு. பேரையூர்லயும் கேட்டுட்டோம். அங்கிட்டு இல்ல."

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா சார் இம்புட்டு நாடகம்? நான் என்ன போலீஸக் கூட்டிக்கிட்டா வந்திருக்கேன்?" அவர் சிரித்தார். "வீட்டுல வச்சுப் படிக்கவைக்கிறோம்னு உள்ளத எழுதிக் குடுங்க. ஸ்கூல்ல சேருங்கன்னு நான் வந்து வந்து சொல்லத்தான் செய்வேன், அது என் வேலை. சேக்கலேன்னா அதுக்குரிய வயசு வந்ததும் எட்டாவது தனித்தேர்வுக்காவது போடுங்க. அதையும் விட்டா பிள்ளைக்கு மேல படிக்க வழியில்லாமப் போயிரும். டி.சி.யப் பத்திரமா வைங்க. பரீட்சைக்குப் போடும்போது அங்க கேப்பாக."

அங்கே கேட்பார்கள். அந்தக் காரணத்தையும் படிப்பார்கள். அவள் மேலே ஏறும் முதல் படியிலேயே என் பொய் இருக்கிறது.

ஆசிரியை போன பிறகு மகள் கேட்டாள். "நா... நான் சொன்னது த... தப்பாப்பா?"

"நீ சொன்னது இல்லம்மா. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு."

"அ... அது மட்டும் எப்படிப்பா திக்கல?"

அந்தப் பொய்யைத்தான் பல மாலைகள் பழக்கியிருந்தேன். தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்க, அத்தனை மாலைகள் நான் அவளோடு உட்கார்ந்ததே இல்லை. பள்ளியில் சிரித்த பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உண்மையை எழுதி, பழைய காரணம் தவறு என்றும் எழுதினேன். ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முன் மகளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வார்த்தையில் நின்றாள். எடுத்துக்கொடுக்க என் வாய் துடித்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அந்த வார்த்தை வந்தது.