தாழிக்காட்டில் அத்தை சொன்னது

பேராவூரணிக்குத் தெற்கே அந்தக் காட்டாற்றுப் படுகைக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்தது நான்தான். வரலாற்று வாத்தியாரைக் கட்டிக்கொண்டவளுக்குச் சுற்றுலா வேறு எங்கே வாய்க்கும்? மழைக்குப் பிறகு அங்கே முதுமக்கள் தாழிகள் வெளியே தெரிகின்றனவாம்.

"ஏழு மாசப் புள்ளத்தாச்சி சுடுகாட்டுக்குப் போறதா?" என்று என் மாமியார் குதித்தார்.

"அத்தை, அதெல்லாம் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது."

"பொணத்துல என்னடி பழசு, புதுசு?"

நான் கேட்கிற மாதிரி இல்லை என்றதும், என் இடுப்பில் வேப்பிலையைச் செருகிவிட்டுத் தானும் காரில் ஏறிக்கொண்டார்.

என் வீறாப்பெல்லாம் பட்டுக்கோட்டை வரைதான். காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. தலைச்சன் பிள்ளையும் இப்படித்தான் ஒருநாள் சும்மா இருந்தது, உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. எங்கே என்று யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இப்போதும் வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செம்மண்ணில் தாழிகளின் வாய்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். எனக்குக் காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஒரு தாழி மட்டும் சோற்றுப்பானை அளவுதான் இருந்தது.

"இது ஏங்க இத்தனூண்டு?"

"கொழந்தையா இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஏங்க, காலையிலேர்ந்து புள்ள அசையலைங்க!" என்று கத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுத்துவர அவர் ஓடினார். அத்தை என்னைப் பனைமரத்தடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தண்ணீர் புகட்டினார். "சாமி, சாமி" என்று அவர் வாய் ஓயவில்லை. சற்று நேரத்தில் வயிற்றில் ஓர் உதை. அப்புறம் இன்னொன்று, நல்ல உதை. அத்தையின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன்.

"அடப் படுவா, என் உசிர எடுத்துட்டியே!" என்று அவர் அழுதார்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "அத்தை, மூத்தத எங்க வச்சீங்க?"

அவர் கையை எடுக்கவில்லை. "நம்ம தோப்புலதான், மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால. உன் புருசன் தூக்க மாட்டாம உக்காந்துட்டான். பொம்பளைங்க வரக் கூடாதுன்னானுங்க. போங்கடான்னுட்டு நான்தான் மடியில வச்சுத் தூக்கிட்டுப் போனேன்."

"வெறுந்துணியிலயா அத்தை?"

"வெறுந்துணியா? உன் கல்யாணத்துக்கு நான் கட்டினேனே, அந்தப் பட்டுல சுத்தி வச்சேன்."

அந்தச் சேலையை எலி கடித்துவிட்டது என்றுதான் இதுவரை என்னிடம் சொல்லியிருந்தார்.