கிணற்றடியில் ஒரு ஆயில் ஃபில்டர்

போன ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரத்தில் என் தங்கை செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். மட்டன் குழம்பு சாப்பிடலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான். போனால்... கிணற்றடியில் சண்டை!

மாப்பிள்ளை குமார் வேப்பமர நிழலில் டிராக்டரை நிறுத்தி ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய ஃபில்டர் இறுகிப்போய் அசைய மறுத்தது. ஸ்க்ரூடிரைவரை அதன் வயிற்றில் இறக்கித் திருகலாம் என்று சுத்தியலை ஓங்கிவிட்டார். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றே நீ? குத்துனா ஆயில் மொத்தமும் கீழ கொட்டும். பக்கத்துலயே கிணறு!"

"ஒரு டம்ளர் ஆயில். இதுக்குப் போய் ஏன் பேஜார் பண்றே?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். செல்விக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கழிவைக் கொட்டிப் பாலாற்றைக் கெடுத்ததே தோல் கம்பெனிக்காரர்கள்தான் என்று அவளைக் குத்திக்காட்டாவிட்டால் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது. சுற்றிலும் பல கிணறுகள் உப்பாகிவிட்டன. இது ஒன்றில்தான் இன்னும் நல்ல தண்ணீர். தெருவே இங்குதான் குடத்தோடு வருகிறது.

"என்னை இன்னா பேச்சுப் பேசின இத்தினி நாளா?" என்றாள் செல்வி. மாப்பிள்ளை சுத்தியலைக் கீழே வைத்தார்.

உள்ளே போனவள் கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் பட்டை ஒன்றும், கெட்டியான பிளாஸ்டிக் கவரும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பட்டையை ஃபில்டரில் இறுக்கிச் சுற்றி இழுத்தார். வழுக்கவில்லை. கிறீச்... அசைந்துவிட்டது! உடனே கவரை அடியிலிருந்து போர்த்தி, அதற்குள்ளேயே கழற்றினார்கள். கவரைச் செல்வி பிடித்துக்கொண்டாள். நான்? வழக்கம்போல ஆலோசனை சொன்னேன்.

ஒரு சொட்டு கீழே விழவில்லை. இருவரும் சிரித்துவிட்டார்கள். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார் மாப்பிள்ளை. பிறகு, இன்ஜினிலிருந்து முதலிலேயே வடித்து வைத்திருந்த கறுப்பு ஆயில் கேனைப் பார்த்தார்.

"மச்சான், இத்த எங்க ஊத்துறது?"

வாய்க்காலிலா? அது ஆற்றுக்குப் போகிறது. வரப்பிலா? அது கிணற்றுக்குப் போகிறது. சிந்தாமல் கழற்றுவது ஒரு வேலை. கழற்றியதை என்ன செய்வது என்பது இன்னொரு வேலை - அதை யாருமே நம் வேலை என்று நினைப்பதில்லை.

"தோல் கம்பெனிக்காரனும் இங்கதான் நின்னு யோசிச்சிருப்பான் போல" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. செல்வி அவரைக் கிண்டல் செய்யவில்லை.

வேலூரில் பழைய ஆயில் எடுக்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு, கேனைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, அதற்கும் சீட் பெல்ட் போட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்...

வழி நெடுக யாராவது ஒருவருடைய கிணறு இருக்கிறதே!